வட்டியில்லா ரீஃபண்ட் முன்பணம்: செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

நியூஜெர்சி எடிசனிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: கணவர் கிடங்கில் வேலை செய்கிறார், நீங்கள் மளிகைக் கடையில் வேலை செய்கிறீர்கள், இருவரும் கிரீன் கார்டு வைத்திருக்கிறீர்கள், இரண்டு சிறு குழந்தைகள், இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 47,000 டாலர். 2025ஆம் ஆண்டு வரிக்கணக்கில் 6,800 டாலர் அளவுக்கு ரீஃபண்ட் (அதிகமாகப் பிடித்த வரியும் வரிச்சலுகைகளும் சேர்ந்து அரசிடமிருந்து திரும்ப வரும் தொகை) வரும் என்று ஒரு வரி தாக்கல் கடையில் கணக்குப் போட்டுக் காட்டி, அதில் 2,000 டாலரை அன்றே முன்பணமாகத் தருகிறோம், வட்டியும் இல்லை, கடன் கட்டணமும் இல்லை என்றிருக்கிறார்கள். காரைப் பழுதுபார்க்கப் பணம் தேவைப்படுவதால், வட்டி இல்லை என்பது உண்மையா, வாங்கலாமா, கிரெடிட் ஸ்கோர் (கடன் நம்பகத்தன்மை மதிப்பெண்) பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டி இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். அந்தக் கேள்வி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் வட்டி வாங்காமல் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு வங்கி ஏன் 2,000 டாலர் கொடுக்கிறது, அந்தச் செலவு எந்த வழியாகச் சுற்றி வந்து உங்கள் தலையில் விழுகிறது என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஐஆர்எஸ் எனப்படும் அமெரிக்க மத்திய அரசு வரித்துறையின் அங்கீகாரம் பெற்ற வரி முகவர். தொடக்க ஆண்டுகளில் இத்தகைய கடைகளில் ஒன்றில் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். இப்போது தனியாகத் தொழில் செய்துகொண்டு, வரிக்காலத்தில் இலவச வரி உதவி மையம் ஒன்றிலும் தன்னார்வலராக இருக்கிறேன். உங்களிடம் நீட்டப்பட்ட ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே இந்தத் தொழில் பொதுவாக எப்படி இயங்குகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்; உங்கள் தாளில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

இந்தக் கடனுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. 1980களின் பிற்பகுதியில் மின்வழித் தாக்கல் வந்தபோதே ரீஃபண்டை ஈடாக வைத்துக் கொடுக்கும் கடனும் வந்துவிட்டது. ஒன்றிரண்டு வாரத்துக்கான அந்தக் கடனுக்கு வாங்கிய கட்டணத்தை ஆண்டு வீதமாக மாற்றிப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த வங்கிகளுக்குத் துணிச்சல் வந்ததற்குக் காரணம், ஒருவருடைய ரீஃபண்டில் பழைய கடன் ஏதும் பிடித்தம் ஆகுமா என்று ஐஆர்எஸ் தானே முன்கூட்டித் தெரிவித்துவந்ததுதான். அந்தத் தகவலை இனித் தருவதில்லை என்று ஐஆர்எஸ் 2010இல் அறிவித்தது. வங்கிகளை மேற்பார்வை செய்யும் அமைப்புகளும் நெருக்கின. கடைசியாக எஞ்சியிருந்த வங்கியும் 2012 வரிக்காலத்தோடு இந்தத் தொழிலை விட்டது. சில ஆண்டுகள் கழித்து, வாடிக்கையாளரிடம் வட்டி வாங்காத புதிய வடிவில் அதே சரக்கு திரும்பி வந்தது. உங்களிடம் இப்போது நீட்டப்படுவது இந்தப் புதிய வடிவம். பழையதை விட இது எவ்வளவோ மேல் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதிய வடிவத்தில் கடன் கொடுக்கும் வங்கிக்கு உரிய பணத்தை வரி தாக்கல் நிறுவனம் கொடுத்துவிடுகிறது. நிறுவனம் அதை ஏன் கொடுக்கிறது என்றால், ஜனவரி கடைசி வாரத்திலேயே நீங்கள் அந்தக் கடைக்குள் வருவீர்கள், வேறு எங்கும் போகமாட்டீர்கள், கணக்கு தயாரிக்கும் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுக்காததால் அதைப் பற்றி அதிகம் பேரமும் பேசமாட்டீர்கள் என்பதற்காக. முன்பணம் வேண்டுமென்றால் அங்கேதான் வரி தாக்கல் செய்யவேண்டும் என்பது எல்லா நிறுவனங்களிலும் உள்ள நிபந்தனை. நகைக்கடை விளம்பரத்தில் சேதாரம் இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நாம் நேரே செய்கூலியைத்தானே பார்ப்போம். இங்கே செய்கூலி என்பது கணக்கு தயாரிக்கும் கட்டணம்.

அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கடைச் சுவரில் பெரும்பாலும் விலைப்பட்டியல் இருக்காது. படிவத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போவார்கள்: மத்திய அரசுக்கான அடிப்படை வரிக்கணக்குப் படிவமான 1040க்கு ஒன்று, குழந்தை வரிச்சலுகைக்கான இணைப்புக்கு ஒன்று, ஈஐடிசி எனப்படும் உழைப்பு வருமானச் சலுகைக்கு ஒன்று, நியூஜெர்சி மாநிலக் கணக்குக்கு ஒன்று. குறைந்த வருமானக் குடும்பத்துக்குத்தான் இந்த இணைப்புகள் எல்லாம் தேவைப்படுகின்றன. ஆகையால் வருமானம் குறைந்தவரின் பில் அதிகமாவது இந்த விலைமுறையில் இயல்பாகவே நடக்கிறது. இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 300 முதல் 500 டாலர் வரை போடப்பட்ட பில்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் மின்வழித் தாக்கல் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம், ஆவணச் சேமிப்புக் கட்டணம் என்று சிறு சிறு பெயர்களில் சில வரிகள் இருக்கும். சிறிய தனிக்கடைகளில் இவை அதிகம். கடைசியாக, ரீஃபண்ட் டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் 40 டாலரை ஒட்டி ஒரு கட்டணம் இருக்கும். ரீஃபண்டை ஒரு தற்காலிகக் கணக்கில் வாங்கி, அதிலிருந்து கட்டணங்களைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்கு அனுப்புவதற்கான கூலி அது. வீட்டில் ஏற்கெனவே வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்தச் சேவையால் கிடைக்கும் ஒரே பயன், தயாரிப்புக் கட்டணத்தை ஒரு மாதம் தள்ளிக் கொடுப்பது மட்டுமே.

இப்போது உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். தயாரிப்புக்கு 400, சில்லறைக் கட்டணங்கள் 50, டிரான்ஸ்ஃபர் 40 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 490 டாலர். கையில் கிடைத்த முன்பணம் 2,000. அது ரீஃபண்டுக்கு முன்னால் வந்தது ஏறத்தாழ 30 நாள். 490 என்பது 2,000இல் 24.5 சதவீதம், ஆண்டு வீதமாக மாற்றினால் 300 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ஆண்டு வட்டி வீதம் என்ற இடத்தில் பூஜ்யம் என்றே அச்சாகியிருக்கும். அது பொய்யும் அல்ல. கடன் வாங்காமல் ரொக்கம் கொடுப்பவரிடமும் அதே கட்டணத்தை வாங்குவதாக இருந்தால், அந்தக் கட்டணத்தைக் கடனுக்கான செலவாகக் காட்டவேண்டியதில்லை என்பது கடன் விவரங்களை வெளியிடுவதற்கான அமெரிக்க சட்டவிதி. தயாரிப்புக் கட்டணம் வட்டிக் கணக்குக்கு வெளியே நிற்பது இந்த விதியால்தான்.

எனக்கே இந்த 300 சதவீதத்தின் மேல் ஓர் ஆட்சேபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் ஒரு கடையில் 400 டாலர் கொடுத்துத்தான் கணக்கு தாக்கல் செய்வீர்கள் என்றால், முன்பணத்தின் கூடுதல் செலவு 90 டாலர் மட்டுமே. அது ஆண்டு வீதத்தில் 55 சதவீதம் போல வரும். இலவசமாகத் தாக்கல் செய்யும் வாய்ப்பு இருந்தும் முன்பணத்துக்காகவே அந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்றால், முழு 490 டாலரும் முன்பணத்தின் விலை. உங்கள் வருமானத்துக்கு இலவச வழி திறந்திருக்கிறது என்பதால் நான் இரண்டாவது கணக்கையே சரியென்று கருதுகிறேன். கடன் வாங்குபவர்களுக்கென்று கடைகள் கட்டணத்தைத் திட்டமிட்டே ஏற்றுகின்றனவா என்று சிலர் கேட்பார்கள். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் ஒரு தனிப்பட்ட பில்லைப் பார்த்து அதை நிரூபிக்க வழியில்லை. நானும் அப்படிக் குற்றம் சாட்டமாட்டேன்.

காசாகத் தெரியாத செலவுகளில் முதன்மையானது அந்தத் தற்காலிக வங்கிக் கணக்கு. முன்பணம் வாங்கினால் உங்கள் 1040 படிவத்தில் ரீஃபண்ட் போகவேண்டிய கணக்காக உங்கள் சொந்தக் கணக்கு எண் இருக்காது, வங்கி திறந்த அந்தக் கணக்கின் எண்தான் இருக்கும். ஐஆர்எஸ் இணையதளத்தில் பணம் அனுப்பப்பட்டது என்று காட்டும், உங்கள் கணக்கில் வந்திருக்காது. ஐஆர்எஸ்ஸைக் கேட்டால் வங்கியைக் கேள் என்பார்கள், வங்கியைக் கேட்டால் கடையைக் கேள் என்பார்கள். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2021 ஜனவரியில் கொரோனா கால நிவாரணத்தின் இரண்டாவது தவணையை அரசு அனுப்பியபோது, இப்படி ரீஃபண்ட் வாங்கியிருந்த ஏராளமானோரின் பணம் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்ட பழைய தற்காலிகக் கணக்குகளுக்குப் போய்ச் சிக்கியது. வரித்துறையிடம் இருந்த ஒரே கணக்கு எண் அதுதான். உங்களுக்கு நியூஜெர்சி மாநிலத்தின் ஈஐடிசியும் வரும்; அது மத்திய அரசுத் தொகையில் 40 சதவீதம். மாநில ரீஃபண்டையும் அதே வழியில் அனுப்பச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். அதற்குத் தனியாக ஒரு சிறு தொகை பிடிப்பார்கள்.

முன்பணம் பெரும்பாலும் நிறுவனத்தின் அட்டையிலோ அதன் கூட்டாளிக் கணக்கிலோதான் ஏறும். டர்போடாக்ஸ் என்ற வரி தாக்கல் மென்பொருள் தரும் முன்பணத்துக்குக் கிரெடிட் கர்மா என்ற நிதிச் செயலியில் கணக்கு திறக்கவேண்டியிருப்பது இதற்கு உதாரணம். மீதி ரீஃபண்டும் அங்கேயே வந்து விழும். முன்பண அட்டைகளில் ஏடிஎம்மில் எடுக்க, இருப்பு பார்க்க, பயன்படுத்தாமல் வைத்திருக்க என்று கட்டணங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று டாலர்தான் என்றாலும், காசாக எடுத்தே பழகியவர்களிடம் அது சேர்ந்துவிடும். காகிதக் காசோலையாக ரீஃபண்ட் அனுப்புவதை 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு படிப்படியாக நிறுத்த அரசு முடிவு செய்திருப்பதால், வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் இந்த அட்டைகளை நோக்கி இன்னும் அதிகமாகத் தள்ளப்படுவார்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வங்கிக் கணக்கு இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது.

கடையில் காரியம் நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் உங்கள் டபிள்யூ-2 படிவங்களை (ஆண்டுச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி முதலாளி தரும் தாள்) தட்டச்சு செய்வார்கள். திரையின் ஓரத்தில் ரீஃபண்ட் தொகை ஏறிக்கொண்டே போகும். பலர் அந்தத் திரையைத் தங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து, கணக்கு முழுவதும் தயாரான பிறகே, முன்பணத்துக்கான விண்ணப்பம் வங்கிக்குப் போகும். விளம்பரத்தில் 4,000 டாலர் வரை என்று இருக்கும். வங்கி உங்களுக்கு ஒப்புவது 500ஆக இருக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அந்த நேரத்தில் எழுந்து போக யாருக்கும் மனம் வராது. இரண்டு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் வந்திருப்பவருக்கு மனம் வராததோடு வழியும் இல்லை. கடன் கிடைக்காவிட்டாலும் தயாரிப்புக் கட்டணம் நிற்காது. எனவே 2,000 டாலர் என்று உங்களிடம் இப்போது சொல்லப்பட்டது உறுதிமொழி அல்ல, மதிப்பீடு மட்டுமே.

அப்படியானால் ரீஃபண்டே சீக்கிரம் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். மின்வழியில் தாக்கல் செய்து வங்கிக் கணக்கில் நேரடியாக வாங்கினால் பெரும்பாலான ரீஃபண்டுகள் 21 நாளுக்குள் வந்துவிடுகின்றன. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு மட்டும் ஒரு தடை உண்டு. 2015 இறுதியில் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, ஈஐடிசியோ குழந்தை வரிச்சலுகையின் திரும்பக் கிடைக்கும் பகுதியோ கோரப்பட்ட கணக்குகளின் ரீஃபண்டை, 2017 முதல், பிப்ரவரி 15க்கு முன் ஐஆர்எஸ் விடுவிக்கக்கூடாது. சலுகைப் பகுதி மட்டும் அல்ல, முழுத் தொகையும் நிற்கும். பணம் கைக்கு வருவது பெரும்பாலும் பிப்ரவரி கடைசி வாரத்திலோ மார்ச் தொடக்கத்திலோதான். முதலாளிகள் டபிள்யூ-2 கொடுக்க ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு. ஆக, முன்பணம் உங்களுக்கு வாங்கித் தரும் காலம் நான்கு வாரம், அதிகம் போனால் ஐந்து. சரியாகச் சொன்னால் இந்தத் தடை வந்த பிறகுதான் இந்த வணிகம் மறுபடியும் சூடு பிடித்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு. எச்1பி வேலை விசாவில் இருப்பவர், மனைவிக்கு எச்4 சார்பு விசாவும், சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவருக்கு வரித்துறை தரும் ஐடிஐஎன் எண்ணும் என்றால், கூட்டாகத் தாக்கல் செய்யும்போது ஈஐடிசி கிடைக்காது. இருவருக்கும் வேலை செய்யத் தகுந்த சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். எனவே அவர்களில் பெரும்பாலோருக்கு பிப்ரவரி 15 தடையும் இல்லை. முன்பணம் வாங்கினால் இரண்டு மூன்று வாரத்துக்காக அத்தனையும் கொடுக்கிறார்கள் என்று பொருள். முதன்முறையாக ஐடிஐஎன் கேட்டு விண்ணப்பிப்பவர் கணக்கைத் தாளில் அனுப்பவேண்டியிருப்பதால் அவருக்கு முன்பணமே கிடைக்காது. எஃப்1 மாணவர்கள் முதல் ஐந்து ஆண்டுகள் பொதுவாக, வரி விதியில் குடியிருப்பவராகக் கருதப்படாதவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தில் தாக்கல் செய்யவேண்டியவர்கள். அவர்களைக் குடியிருப்பவராகக் காட்டி 1040இல் கல்விச் சலுகையையும் சேர்த்து ரீஃபண்டைப் பெரிதாக்கி முன்பணம் வாங்கிக் கொடுத்த கணக்குகள் பிறகு திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்தப் பணத்தை மாணவர் வட்டியோடு திருப்பிக் கட்டினார். கடை தன் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை.

பெரிய ரீஃபண்ட் காட்டினால்தான் பெரிய முன்பணம் கிடைக்கும் என்ற நிலையில், கணக்கில் இல்லாத சுயதொழில் வருமானமோ இல்லாத ஒரு சார்ந்திருப்பவரோ நுழைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. உங்கள் கடை அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. செய்தால் பொறுப்பு யாருடையது என்பது மட்டும் சந்தேகமில்லாத விஷயம்: கையெழுத்துப் போட்ட உங்களுடையது. விதிகளைத் துளியும் பொருட்படுத்தாமல் தவறான ஈஐடிசி கோரியதாக ஐஆர்எஸ் முடிவு செய்தால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. மோசடி என்று முடிவானால் பத்து ஆண்டுகளுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது வரி பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே, தயாரித்தவர் தம் பிடிஐஎன் எண்ணோடு (கணக்கு தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண்) கையெழுத்திடாத கணக்கை, அவர் எவ்வளவு தெரிந்த மனிதராக இருந்தாலும், அனுப்ப விடாதீர்கள்.

டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் சம்பளச் சீட்டை வைத்தே கொடுக்கப்படும் கடன் வேறு வகை. இதே கடைகளில், ஏறத்தாழ இதே பெயரில் கிடைப்பதால் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்வார்கள். அதற்கு வட்டி உண்டு. 35, 36 சதவீதத்தை ஒட்டிய ஆண்டு வீதங்களை நான் ஒப்பந்தங்களில் பார்த்திருக்கிறேன். வட்டி இல்லாத முன்பணத்தில், ரீஃபண்ட் குறைந்து வந்தாலும் வராமலே போனாலும் பற்றாக்குறையை உங்களிடம் கேட்பதில்லை என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். வட்டிக் கடனில் அந்த வாசகம் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். மாணவர் கடன் பாக்கி, குழந்தைப் பராமரிப்புத் தொகை பாக்கி, மாநில வரி பாக்கி போன்றவற்றுக்கு அரசு ரீஃபண்டிலிருந்தே பிடித்துக்கொள்ள முடியும். உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க ஐஆர்எஸ் கடிதம் அனுப்பினாலும் பணம் வாரக்கணக்கில் நிற்கும். பிடித்தமோ தாமதமோ வந்தால் கடன் என்ன ஆகும் என்பதற்கான பதில் ஒப்பந்தத்தில் மட்டுமே இருக்கிறது. இன்னொன்று: டபிள்யூ-2 வருவதற்கு முன்பு சம்பளச் சீட்டை வைத்துக் கணக்கை மின்வழியில் அனுப்ப ஐஆர்எஸ் விதிகள் அனுமதிப்பதில்லை, அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, டபிள்யூ-4 படிவத்தைத் திருத்திச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பெரிய ரீஃபண்டே வராது, கடனும் தேவைப்படாது என்பது. நல்ல சம்பளக்காரருக்கு அது சரியான அறிவுரை. உங்களுக்கு அது அநேகமாகப் பயன்படாது. நீங்கள் கொடுத்த வருமானத்தை வைத்துப் போட்டுப் பார்த்தேன்: ஈஐடிசி சுமார் 3,670 டாலர், வரியைக் கழித்த பிறகு குழந்தைச் சலுகையில் திரும்பக் கிடைப்பது சுமார் 2,850 டாலர். இரண்டும் சேர்ந்தே 6,500 டாலரைத் தாண்டுகிறது. சம்பளத்தில் பிடித்த வரி மீதமுள்ள சில நூறு டாலர்தான். அதைப் பூஜ்யமாக்கினாலும் மாதத்துக்கு இருபது, இருபத்தைந்து டாலர்தான் கூடும். ஈஐடிசியை ஆண்டின் நடுவிலேயே சம்பளத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. 2010உடன் அது ரத்தாகிவிட்டது. ஆண்டு முழுவதும் உழைத்த கூலியின் ஒரு பகுதி ஒரே நாளில் மொத்தமாக வந்து சேரும்படி அமைந்ததால்தான், அந்த ஒரு நாளைச் சுற்றி இவ்வளவு பெரிய வணிகம் முளைத்திருக்கிறது.

கார் நான்கு வாரம் பொறுக்காது என்றால் என்ன செய்வது? முதலில் மெக்கானிக்கிடமே ரீஃபண்ட் வரும் தேதியைச் சொல்லித் தவணை கேளுங்கள். இங்கே அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது முடியாவிட்டால் கிரெடிட் யூனியன் எனப்படும் கடன் சங்கங்களைப் பாருங்கள். மத்திய அரசின் உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் சிறு தொகைக்கென்று ஒரு கடன் கொடுக்கலாம். 2,000 டாலர் வரை, ஆண்டு வட்டி 28 சதவீதத்துக்கு மிகாமல், விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மிகாமல் என்று அதற்கு உச்சவரம்பு இருக்கிறது. 28 சதவீதம் என்று கேட்டதும் திகைப்பீர்கள். ஆனால் 2,000 டாலருக்கு 30 நாள் வட்டி 46 டாலர்தான். கட்டணத்தையும் சேர்த்தால் 66. இலவசமாகத் தாக்கல் செய்துவிட்டு இந்தக் கடனை வாங்கி, ரீஃபண்ட் வந்த அன்றே அடைத்தால், பூஜ்ய வட்டி முன்பணத்தை விட 400 டாலருக்கு மேல் மிச்சம். எல்லாக் கிரெடிட் யூனியனும் இதைக் கொடுப்பதில்லை. சிலவற்றில் ஒரு மாதம் உறுப்பினராக இருந்த பிறகே கிடைக்கும். போன் செய்து கேட்டுப் பார்ப்பதே வழி.

இவை எதுவும் கைகூடாமல், கார் ஓடாவிட்டால் கணவரின் வேலையே போய்விடும் என்ற நிலை இருந்தால், முன்பணம் வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். வேலை போவதை விட 490 டாலர் மலிவு. அப்போது மூன்று காரியம் செய்யுங்கள். கடன் பற்றிப் பேசுவதற்கு முன், கணக்கு தயாரிக்க மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சொல்ல முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். தயாரிப்புக் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுத்தால் டிரான்ஸ்ஃபர் கட்டணம் போய்விடுமா என்று கேளுங்கள்; சில இடங்களில் போய்விடும். கையெழுத்துக்கு முன் 1040 படிவத்தின் 35ஆம் வரியில் எந்த வங்கியின் எண் இருக்கிறது என்று பார்த்து, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கடைக்காரரின் சொந்தக் கணக்காக இருக்கவே கூடாது. உங்கள் ரீஃபண்டைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்ளத் தயாரிப்பாளருக்கு உரிமை இல்லை.

கடைசியில் நீங்கள் கேட்டிருந்த கிரெடிட் ஸ்கோர் விஷயம்: வட்டியில்லா முன்பணத்துக்கு விண்ணப்பித்தால் ஸ்கோர் பாதிக்காது என்றே பெரிய நிறுவனங்கள் தங்கள் விதிமுறைகளில் சொல்கின்றன, டிசம்பர் மாத வட்டிக் கடனுக்கு அப்படி எண்ணிக்கொள்ள வேண்டாம். இலவசத் தாக்கலுக்கு வீட்டா (VITA) எனப்படும் ஐஆர்எஸ் ஆதரவு பெற்ற தன்னார்வ மையங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட வரம்புக்குள் வருமானம் உள்ளவர்களுக்கு (உங்கள் வருமானம் அதற்குள் அடங்கும்), மாநிலக் கணக்கையும் சேர்த்துச் செய்து கொடுப்பார்கள். நூலகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் நடக்கும். உங்கள் பகுதி மையத்தை ஐஆர்எஸ் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்துத் தேடலாம். கூட்டுக் கணக்கு என்பதால் நீங்களும் கணவரும் சேர்ந்தே போகவேண்டும். நால்வருடைய சமூகப் பாதுகாப்பு அட்டைகள், இருவரின் படம் போட்ட அடையாள அட்டை, எல்லா டபிள்யூ-2 படிவங்கள், வங்கிக் கணக்கு எண்ணும் வங்கியை அடையாளம் காட்டும் ரூட்டிங் எண்ணும் தெரியும்படி ஒரு காசோலை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்கான நேரங்கள் ஜனவரி நடுவிலேயே நிரம்பிவிடும். டபிள்யூ-2 வரும்வரை காத்திராமல் இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.